லாஃப்டில் ஸ்ப்ரே ஃபோம்: பிய்த்தெடுக்கும் முன்னும் பின்னும்

பிரிட்டனில் வீட்டை விற்கவோ ரீமார்ட்கேஜ் செய்யவோ (வீட்டுக் கடனை மாற்றி எடுக்கவோ) போகும்போதுதான், லாஃப்டில், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள இடத்தில், சூடு வெளியேறாமலிருக்கக் கூரையின் அடிப்பக்கத்தில் அடித்த ஸ்ப்ரே ஃபோம் ஒரு பிரச்சினை என்றே பலருக்குத் தெரிய வருகிறது. அதுவரை வீடு கதகதப்பாக இருந்திருக்கும், கேஸ் பில்லும் கொஞ்சம் குறைந்திருக்கும். சர்வேயர் வந்து லாஃப்ட் மூடியைத் திறந்து டார்ச் அடிப்பார். கைமரங்கள் தெரிய வேண்டிய இடத்தில் காய்ந்த நுரை தெரியும். அறிக்கையில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போவார். அந்த இரண்டு வரியில் வாங்குபவரின் கடன் நின்றுபோகும். பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் இந்த ஃபோம் இருப்பதாகவும், பெரிய மார்ட்கேஜ் நிறுவனங்களில் நாலில் ஒன்று இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கடன் தருவதில்லை என்றும் 2024-ல் பிபிசி சொன்னது. வயதானவர்கள் சொந்த வீட்டின் மதிப்பை ஈடாக வைத்து எடுக்கும் ஈக்விட்டி ரிலீஸ் கடனில் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தியிருக்கிறது.

ஃபோம் அடித்த கூரை எல்லாமே இற்றுப்போகும் என்பது உண்மையல்ல. பல கூரைகளில் மரம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் நன்றாக இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. கடன் கொடுப்பவருக்கு அந்த வீடுதான் ஈடு. கண்ணுக்குத் தெரியாத மரத்தை நம்பி அவர் இருபத்தைந்து வருடத்துக்குப் பணம் தர மாட்டார். இதைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிடும். முதலில் மரத்தைப் பார்க்க வழி செய்ய வேண்டும், அதன் பிறகுதான் ஃபோமை எடுப்பதா வேண்டாமா என்ற பேச்சு. நடைமுறையில் பெரும்பாலானோர் தலைகீழாகப் போகிறார்கள்: பயந்துபோய் முதலில் கிடைத்த ஆளிடம் பிய்க்கக் கொடுத்துவிடுகிறார்கள்.

எந்த ஃபோம், எதன் மேல்

இரண்டு திரவங்கள், ஐசோசயனேட்டும் பாலியாலும், குழாய் வழியே சூடாக வந்து துப்பாக்கி முனையில் கலந்து, சில நொடிகளில் பொங்கி உறைவதுதான் ஸ்ப்ரே ஃபோம். இதில் ஓப்பன் செல், குளோஸ்டு செல் என்று இரண்டு வகை. விரலால் அழுத்தினாலே தெரிந்துவிடும். அமுங்கி மெதுவாகத் திரும்பி வந்தால் ஓப்பன் செல். நகம்கூட இறங்காமல் கெட்டியாக நின்றால் குளோஸ்டு செல். முதலாவது ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 முதல் 12 கிலோ. இரண்டாவது 30 கிலோவுக்கு மேல். ஓப்பன் செல் நீராவியைத் தன் வழியே விடும், குளோஸ்டு செல் ஏறக்குறைய விடாது. பிய்க்கும்போது இந்த வித்தியாசம்தான் வேலையின் நாளையும் செலவையும் முடிவு செய்கிறது.

அதைவிட முக்கியம், ஃபோமுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வீடுகள் பலவற்றில் ஓட்டுக்கு அடியில் மழைநீரைத் தடுக்கும் விரிப்பான ஃபெல்ட்டே கிடையாது. ஃபோம் நேராக ஓட்டின் அல்லது ஸ்லேட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும். இதுதான் இருப்பதிலேயே மோசமான நிலை. ஓட்டின் இடுக்கில் புகும் மழைநீர் முன்பு காற்றில் காய்ந்துபோகும். இப்போது ரீப்பருக்கும் ஃபோமுக்கும் நடுவே தங்குகிறது. ஒரு ஓடு உடைந்தால் அதை மட்டும் மாற்ற முடியாது, பக்கத்து நாலும் சேர்ந்து வரும். ஆணி துருப்பிடித்து ஸ்லேட் சரிகிற கூரைகளில், புதுக்கூரை போடுவதற்குப் பதிலாக இதை அடித்தால் ஓடு நகராது என்று சொல்லி விற்றவர்களும் உண்டு. அப்படிப்பட்ட கூரையில் ஃபோமை எடுத்ததும் ஸ்லேட் சரியத் தொடங்கும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

போருக்குப் பின் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் ஒன்-எஃப் எனப்படும் தார் பூசிய கறுப்பு ஃபெல்ட். நீராவி இதைத் தாண்டாது. 1990-களின் கடைசியிலிருந்து வந்த வீடுகளில் நீராவியை வெளியே விடும், அதாவது மூச்சுவிடும், மெம்பிரேன் விரிப்பு. இதன் மேல் ஃபோம் நேரடியாக ஒட்டினால் பிறகு அது மூச்சுவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

ஒழுங்காகச் செய்த வேலையும் இருக்கிறது. ஃபெல்ட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவே அட்டையோ பலகையோ கொடுத்து 50 மி.மீ. காற்றிடைவெளி விட்டு, அந்த இடைவெளி கீழே ஓரக்கூரையிலும் மேலே முகட்டிலும் வெளிக்காற்றோடு சேரும்படி செய்திருப்பார்கள். உங்கள் கூரையில் அப்படி இருந்தால் அவசரப்பட்டுப் பிய்க்க வேண்டாம்.

மரம் ஏன் நனைகிறது

நாலு பேர் இருக்கும் வீட்டில் குளியல், சமையல், துணி உலர்த்தல், மூச்சு எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. காலையில் இட்லிப் பானை, மதியம் சோறு, குளிர்காலத்தில் ரேடியேட்டர் மேல் துணி என்று ஓடும் நம் வீடுகளில் கூடுதலாகவே இருக்கும். இந்த ஈரக்காற்று சூடாக இருப்பதால் மேலே போகிறது. லாஃப்ட் மூடியின் ஓரம், பல்பு ஓட்டை, பைப் ஓட்டை, எது கிடைத்தாலும் அதன் வழியே லாஃப்டுக்குள் ஏறும்.

ஃபோம் இல்லாத பழைய கூரையில் அது ஓரக்கூரை வழியே வீசும் காற்றோடு வெளியே போய்விடும். காற்று வரும் அந்த இடுக்கையும் ஃபோம் அடைத்துவிட்டால் ஆவிக்கு வேறு வழி கிடையாது. ஓப்பன் செல்லை ஊடுருவிப் போய், ஜனவரி இரவில் உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபெல்ட்டில் முட்டி அங்கே நீராகிறது. அந்த நீர் படுகிற இடம் கைமரத்தின் மேல் விளிம்பு. குளோஸ்டு செல்லில் ஆவி ஃபோமைத் தாண்டாது. ஆனால் மரத்துக்கும் ஃபோமுக்கும் நடுவே விழும் மெல்லிய விரிசல்களில் புகும், வெளியே ஓடு ஒழுகினால் அந்தத் தண்ணீரும் மரத்தோடேயே நிற்கும்.

மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளராது. அதைத் தாண்டி மாதக்கணக்கில் நின்றால் இற்றுப்போகத் தொடங்கும், மரப்புழுவுக்கும் அந்த ஈரம் பிடிக்கும். காற்றோட்டமுள்ள சாதாரண லாஃப்டில் 12 முதல் 18 வரை இருக்கும்.

அடிக்கடி கண்ணில் படாத ஒரு தவறும் உண்டு. கைமரத்தில் ஃபோம் அடித்தவர்கள் கீழே சீலிங்கின் மேல் கிடந்த பழைய கம்பளி இன்சுலேஷனை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். கேட்டால், இரண்டு இருந்தால் இரண்டு மடங்கு நல்லதுதானே என்பார்கள். கீழே கம்பளி இருப்பதால் வீட்டின் சூடு லாஃப்டுக்கு வராது. மேலே ஃபோம் இருப்பதால் காற்றும் வராது. சூடும் இல்லாமல் காற்றும் இல்லாமல் லாஃப்ட் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். குளியலறை ஃபேனின் குழாய் லாஃப்டுக்குள்ளேயே திறந்துகிடந்தால் சொல்லவே வேண்டாம்.

ஈரம் தவிர இன்னும் சில உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். மின்கம்பி அரை மீட்டருக்கு மேல் முழுக்க இன்சுலேஷனுக்குள் புதைந்தால் அது தாங்கும் மின்னோட்டத்தைப் பாதியாகக் கணக்கிட வேண்டும் என்பது பிரிட்டனின் மின்கம்பி அமைப்புத் தரமான பிஎஸ் 7671-ன் விதி; எலக்ட்ரிக் ஷவருக்குப் போகும் கம்பி ஃபோமுக்குள் இருந்தால் எலக்ட்ரிஷியனைக் கூப்பிடுங்கள். கலவை விகிதம் தவறிய ஃபோம் பிசுபிசுப்பாகவே நிற்கும், மீன் வாடை அடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த லாஃப்டுக்குப் போகக் கூடாது. தீப்பிடித்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும்.

பிய்ப்பதற்கு முன்: காகிதமும் ஜன்னல்களும்

காகிதத்தில் தேட வேண்டியவை நாலு. ஃபோமின் பெயரும் அதன் பிபிஏ (கட்டுமானப் பொருட்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பு) சான்றிதழும்; அடிப்பதற்கு முன் செய்த கூரை ஆய்வு; கட்டட ஈரம் பற்றிய பிஎஸ் 5250 தரத்தின் முறையில் போட்ட நீராவிக் கணக்கு; வேலை நடக்கும்போது எடுத்த படங்கள். சான்றிதழ் அந்தப் பொருளுக்குத்தான், உங்கள் கூரைக்கு அல்ல. விற்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள். 25 வருட உத்தரவாதத்தையும் முழுக்கப் படியுங்கள். பொதுவாக அது ஃபோம் உரியாது, சுருங்காது என்பதற்குத்தான். கடன் கிடைக்கும் என்பதற்கல்ல.

அடுத்து, சோதனை ஜன்னல்கள், அதாவது மரத்தைப் பார்க்க ஃபோமில் வெட்டும் திறப்புகள். கட்டட ஈரம், மரச் சேதம் பார்க்கும் துறையினரின் ப்ராப்பர்ட்டி கேர் அசோசியேஷனும் வீட்டு சர்வேயர்களின் சங்கமான ஆர்பிஎஸ்ஏ-வும் சேர்ந்து 2023-ல் இதற்கென்று ஓர் ஆய்வு நெறிமுறை வெளியிட்டன. அந்த முறை தெரிந்த, பிய்க்கும் வியாபாரமும் செய்யாத சர்வேயரை அமர்த்துங்கள். பிய்ப்பதில் காசு பார்ப்பவரே சோதித்தால் முடிவு என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. கூரையின் ஒவ்வொரு சரிவிலும் கீழ், நடு, முகடு என்று மூன்று இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஃபோமை வெட்டி எடுத்தால் ஓரளவு படம் கிடைக்கும். வடக்குச் சரிவு, சிம்னி ஓரம், இரண்டு சரிவு சேரும் பள்ளம், சுவர் மேல் படுத்திருக்கும் வால் பிளேட் ஆகியவற்றைத் தவறவிடக் கூடாது.

ஈரப்பத மீட்டர் வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. ஃபோமுக்கு வெளியே நமக்குத் தெரிகிற கைமரத்தின் கீழ்முகம் அறைப் பக்கம், அதாவது சூடான பக்கம். கூரையிலேயே காய்ந்த இடம் அது. அங்கே 14 சதவீதம் என்று காட்டினால் அது எதையும் நிரூபிக்காது. ஃபெல்ட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேல் விளிம்பில் என்ன என்று பார்க்க, உடல் முழுக்க உறையிட்டு நுனி மட்டும் திறந்த நீள ஊசி வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கத் தந்திரமும் உண்டு. வீடு தேடி வரும் பிய்ப்பு வியாபாரிகள் ஊசியை ஆணியிலோ அலுமினியத் தாளிலோ தொடவைத்து 40, 50 என்று காட்டுவார்கள். மீட்டர் மின்தடையைத்தான் அளக்கிறது, உலோகத்தில் பட்டால் எகிறும். உங்கள் கண் முன்னால், உங்கள் கை காட்டும் வெற்று மரத்தில் குத்தச் சொல்லுங்கள். ஆகஸ்ட் மாத அளவை வைத்து நிம்மதியடையவும் வேண்டாம்; குளிர்கால ஈரம் உச்சத்தில் நிற்பது ஜனவரி முதல் மார்ச் வரை.

மீட்டரை விட நம்பகமானது ஸ்க்ரூ டிரைவர். மரத்தில் குத்திப் பார்த்தால் நல்ல மரம் எதிர்க்கும். இற்ற மரத்தில் 5 மி.மீ. சுலபமாக இறங்கும்.

ஜன்னல்களில் மரம் நன்றாக இருந்து, காற்றிடைவெளியும் இருந்து, காகிதமும் முழுதாக இருந்தால் கடன் நிறுவனங்கள் சில இசைந்து வரும். ஒரு மார்ட்கேஜ் புரோக்கரிடம் பேசிவிட்டு முடிவெடுக்கலாம். இந்த வீட்டிலேயே இருக்கப் போகிறவர், கடனும் முடிந்துவிட்டது, மரமும் காய்ந்திருக்கிறது என்றால், என் கருத்தில் ஒன்றும் செய்யாமல் ஆண்டுக்கொரு முறை அந்த ஜன்னல்களில் பார்த்துக்கொண்டிருப்பதே போதும். ஃபெல்ட் இல்லாத கூரை, ஓரக்கூரை அடைபட்டது, 20-ஐத் தாண்டிய அளவு, இதில் எது இருந்தாலும் எடுத்துவிடுவது நல்லது.

அளவும் கழிவும்

கொட்டேஷன் விலை சரிவுப் பரப்பின் சதுர மீட்டருக்குத்தான் வரும், அதனால் பரப்பை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லாஃப்ட் தரையின் நீளத்தை அகலத்தால் பெருக்கி, கூரை 30 டிகிரி சாய்வாக இருந்தால் 1.15, 35 என்றால் 1.22, 40 என்றால் 1.31, 45 என்றால் 1.41 ஆல் பெருக்கவும். 5 மீட்டருக்கு 8 மீட்டர் டெரஸ் வீடு, 35 டிகிரி: 40 ச.மீ. தரை, ஏறக்குறைய 49 ச.மீ. சரிவு. அதில் 150 மி.மீ. ஓப்பன் செல் இருந்தால் 7.3 கன மீட்டர். எடை எழுபது எண்பது கிலோதான் வரும், ஆனால் பிய்த்த துண்டுகள் ஒன்றோடொன்று படியாததால் இடம் இரண்டு மடங்கு கேட்கும். எட்டு யார்டு ஸ்கிப் (வாடகைக்கு எடுக்கும் பெரிய குப்பைத் தொட்டி) ஒன்று 6 கன மீட்டர். ஆக, இரண்டு ஸ்கிப்புக்கு மேல் போகும், அல்லது நூற்றுக்கணக்கில் மூட்டை. சிலர் இந்த மூட்டைகளை வேனில் ஏற்றி ஏதாவது சாலையோரம் கொட்டிவிடுவதும் நடக்கிறது. குப்பை உங்கள் வீட்டிலிருந்து போனது என்று தெரிந்தால் அபராதம் உங்களைத் தேடி வரலாம். எடுத்துச் செல்பவரின் கழிவுப் பதிவு எண்ணை என்வைரன்மென்ட் ஏஜென்சியின் பட்டியலில் சரிபார்த்து, கழிவைக் கைமாற்றியதற்கான டிரான்ஸ்ஃபர் நோட் வாங்கி வையுங்கள். 2004-க்கு முன் அடித்த குளோஸ்டு செல் என்றால் ஓசோனைக் கெடுக்கும் வாயு உள்ளே இருக்க வாய்ப்புண்டு, அதைத் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

எடுக்கும் வேலை

முதலில் வௌவால். லாஃப்டில் எச்சமோ வௌவாலோ தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். 1981 வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டப்படி அவற்றின் தங்குமிடத்தைக் கலைப்பது குற்றம். அடுத்தது ஆஸ்பெஸ்டாஸ்: பழைய தண்ணீர்த் தொட்டி, புகைக்குழாய், ஓரக்கூரைப் பலகை. 1999 வரை இங்கே புழக்கத்தில் இருந்தது.

வேலைக்கு ஏற்ற காலம் வசந்தமோ இலையுதிர் காலமோ. ஜூலையில் லாஃப்ட் 40 டிகிரியைத் தாண்டும். முழு உடையும் முகமூடியும் போட்டுக்கொண்டு மனிதரால் நிற்க முடியாது.

தயாரிப்பு: லாஃப்ட் சர்க்யூட்டை ஆஃப் செய்து, ஃபோமுக்குள் கம்பி எங்கே ஓடுகிறது என்று டிடெக்டரால் தேடிக் கோடு போட வேண்டும். தண்ணீர்த் தொட்டியை மூடி டேப் ஒட்ட வேண்டும். மூடித் திறப்பைச் சுற்றி ஜிப் வைத்த பாலித்தீன் திரை, படிக்கட்டிலிருந்து வாசல்வரை விரிப்பு. சீலிங் மேல் உள்ள பழைய கம்பளியை, பெரும்பாலும் எலி எச்சமும் தூசியும்தான், முன்னதாகவே எடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஃபோம் துகள் அதில் கலந்து பிறகு இரண்டையும் பிரிக்க முடியாது. நடக்க, சீலிங்கைத் தாங்கும் ஜாயிஸ்ட் மரங்களின் மேல் பலகை போடுங்கள். பழைய மரச்சட்டச் சுண்ணாம்பு சீலிங் உள்ள வீட்டில் கீழறை விரிசல்களை முன்பே படமெடுத்து வையுங்கள், பிறகு தகராறு வராது.

முகமூடி பி3 வடிகட்டி வைத்த அரைமுக மாஸ்க், அல்லது குறைந்தது எஃப்எஃப்பி3. தாடி இருந்தால் எந்த இறுக்க மாஸ்க்கும் வேலை செய்யாது, ஓரத்தில் தூசி புகும். கண்ணை மூடும் கண்ணாடி, ஒருமுறை போட்டெறியும் முழு உடை, கையுறை. தூசிக்கு எம் வகை வாக்குவம். வீட்டு வாக்குவம் நுண்தூசியைத் திரும்ப வெளியே ஊதும்.

ஓப்பன் செல்லை எடுப்பது பொறுமையான வேலைதான், சிரமமான வேலை அல்ல. முகட்டிலிருந்து கீழ்நோக்கி, ஒரு நேரத்தில் இரண்டு கைமரங்களுக்கு நடுவே உள்ள ஒரு பட்டையை மட்டும் எடுக்க வேண்டும். கைமரத்தை மூடி வெளியே பிதுங்கியிருப்பதை முதலில் நீளப் பல்கத்தியால் மரத்தோடு சமமாகச் சீவி எடுங்கள். பிறகு கத்தியை மரத்தின் இரண்டு பக்கமும் ஒட்டி இறக்கி வெட்டுக் கோடு போட வேண்டும். ஃபெல்ட்டிலிருந்து இரண்டு விரல் கனம் விட்டு நிறுத்துவது முக்கியம், முனை ஃபெல்ட்டில் பட்டால் கிழியும். இப்போது பாளமாகக் கையால் இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். ஃபெல்ட்டில் ஒட்டி நிற்கும் மிச்சத்தை அகலமான மழுங்கல் ஸ்க்ரேப்பரால் சாய்வாக, மரத்தை நோக்கித் தள்ளிச் சுரண்டுங்கள். மரத்தின் பக்கங்களுக்கு மல்டி டூலில் ஸ்க்ரேப்பர் பிளேடு, கடைசியில் கம்பி பிரஷ்.

ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தைக் கொண்டுவரும் ஆட்களைக் கண்டால் கவனம். வேகமாகத்தான் போகும். கைமரத்தில் 10 மி.மீ. வெட்டு விழுந்தாலும் வேகம் குறையாது. 100-க்கு 50 மி.மீ. மரத்தில் கீழ் விளிம்பில் விழும் வெட்டு பலத்தைக் கணிசமாகக் குறைக்கிறது. 1960-களுக்குப் பிறகு வந்த, முக்கோண மரச்சட்டங்களால் ஆன டிரஸ் கூரைகளில் மரத்தின் கனமே 35 மி.மீ.; அதில் மூட்டுகளைப் பிடிக்கும் உலோகப் பல் தகடுகளும் ஃபோமுக்குள் மறைந்திருக்கும். தகட்டை நெம்பினால் மூட்டு போச்சு.

அரைகுறையாக விடப்படும் இடம் எப்போதும் ஓரக்கூரைதான். சரிவு தரையைச் சந்திக்கும் அந்த மூலையில் கைகூட நுழையாது, வியர்த்து வழியப் படுத்துக்கொண்டு செய்ய வேண்டும். ஆனால் காற்று உள்ளே வர வேண்டிய வாசலே அதுதான். நடுப்பகுதியை அழகாகச் சுரண்டிவிட்டு ஓரத்தில் அடைப்பை விட்டால் செய்த வேலையில் பாதி வீண். நீளக் கைப்பிடி வைத்த களைக்கொத்தி வடிவ ஸ்க்ரேப்பர் எட்டும்வரை எட்டட்டும். மிச்சத்துக்கு வெளியே ஏணி வைத்து ஓரப்பலகையைக் கழற்றவோ கீழ் வரிசை ஓடுகளைத் தூக்கவோ வேண்டும். கொட்டேஷனில் இது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் லாஃப்ட் விளக்கை அணைத்துவிட்டுப் பகலில் ஓரத்தைப் பார்த்தால், காற்றுச் சந்துகளில் வெளிச்சக் கீற்று தெரியும்.

கரைப்பான் எதுவும் உதவாது. உறையாத ஃபோமைத்தான் அசிட்டோன் கரைக்கும். உறைந்ததை ஒன்றும் செய்யாது, லாஃப்டில் தீப்பற்றும் ஆவியை மட்டும் நிரப்பும். உலர்பனி வீசிச் சுத்தம் செய்வது கடைசித் துகள்களுக்கு நல்லது, ஆனால் அது அத்தனையும் கார்பன் டை ஆக்சைடு. காற்றோட்டக் கருவி இல்லாமல் மூடிய லாஃப்டில் செய்தால் மூச்சு முட்டும்.

குளோஸ்டு செல் வேறு கதை. அது ஃபெல்ட்டைப் பிடித்திருக்கும் பிடி, ஃபெல்ட்டின் சொந்த பலத்தை விட அதிகம். இழுத்தால் ஃபெல்ட்தான் கிழிந்து வரும். ஸ்லேட்டில் நேராக ஒட்டியிருந்தால் ஸ்லேட் உடையும். உளியும் ஸ்க்ரேப்பருமாகத் துண்டு துண்டாகப் பெயர்க்கலாம், நாள் கூடும், கூலி கூடும், கடைசியில் ஒட்டுப்போட்ட ஃபெல்ட்டோடு நிற்பீர்கள். கூரை எப்படியும் அறுபது எழுபது வயது ஆகியிருந்தால் உள்ளே சுரண்டும் காசை மிச்சப்படுத்தி, சாரம் கட்டி வெளியிலிருந்து ஓடு, ரீப்பர், ஃபெல்ட், ஃபோம் எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்றிப் புது மெம்பிரேனும் ரீப்பரும் போடுவதே உருப்படி. நல்ல ஓடுகளைத் திரும்பப் பயன்படுத்தலாம், ஃபோம் ஒட்டியவற்றை அல்ல. கூரையின் பாதிக்கு மேல் மாற்றினால் பில்டிங் ரெகுலேஷன்ஸ் வந்துவிடும்: கவுன்சில் பில்டிங் கன்ட்ரோலில் சொல்லியோ, தன் வேலைக்குத் தானே சான்றளிக்கக்கூடிய காம்பீட்டென்ட்ரூஃபர் திட்டத்தில் உள்ளவரிடம் கொடுத்தோ சான்றிதழ் வாங்குங்கள்.

எடுத்த பிறகு

உடனே மூட வேண்டாம். மரம் வெளியே தெரிந்த அன்றைக்கே சர்வேயர் வந்து பார்க்கட்டும். சற்றே நனைந்த மரம் காற்றோட்டம் திரும்பியதும் சில வாரங்களில் தானே காயும். இற்ற பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்து, பக்கத்தில் அதே அளவு சி16 அல்லது சி24 பலத் தர மரத்தைப் போல்ட் போட்டு இணைப்பார்கள். எவ்வளவு நீளம், எத்தனை போல்ட் என்பதை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் சொல்ல வேண்டும். காய்ந்த மரத்துக்கு மருந்தடிக்கத் தேவையில்லை. பயமுறுத்தி விற்பார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காற்றோட்டத்துக்கு பிஎஸ் 5250 சொல்வது: 15 டிகிரிக்கு மேல் சாய்ந்த கூரையில் எதிரெதிர் ஓரக்கூரைகளில் நீளம் முழுக்க 10 மி.மீ. சந்துக்குச் சமமான திறப்பு. அதற்குக் குறைவான சாய்வில் 25 மி.மீ. சாய்வு 35 டிகிரிக்கு மேல் என்றால் முகட்டிலும் 5 மி.மீ. ஓரப்பலகையில் வென்ட் வைக்கலாம். ஃபெல்ட் ஒன்றன் மேல் ஒன்று படியும் இடத்தில் பிளாஸ்டிக் லேப் வென்ட் செருகுவது உள்ளேயிருந்தே செய்யக்கூடிய, மலிவான வழி.

பிறகு கம்பளி: ஜாயிஸ்ட்களுக்கு நடுவே 100 மி.மீ., அதன் குறுக்கே 170, ஆக 270 மி.மீ. இது சூடு வெளியேறும் அளவான யு-வேல்யூவை 0.16 அளவுக்குக் கொண்டுவரும். ஓரத்தில் கம்பளியைத் திணித்து மறுபடி காற்றை அடைத்துவிடாமல் பிளாஸ்டிக் தட்டு வைத்து 50 மி.மீ. வழி விடுங்கள். 2027 மார்ச் 31 வரை பிரிட்டனில் இன்சுலேஷன் போடும் வேலைக்கு வாட் வரி கிடையாது, ஆள் வைத்துச் செய்தால்தான் இந்தச் சலுகை. கடையில் வாங்கி நீங்களே விரித்தால் 20 சதவீதம் உண்டு.

லாஃப்ட் இப்போது மறுபடி குளிர்ந்த இடம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஃபோம் இருந்தபோது சூடாக இருந்ததால் பைப்புகளின் உறையைக் கழற்றியிருப்பார்கள். அதைத் திரும்பப் போடாமல் விட்டால் முதல் கடும்பனியில் பைப் வெடிக்கும். தொட்டியின் பக்கங்களுக்கும் மூடிக்கும் உறை வேண்டும், அடியில் மட்டும் வேண்டாம், கீழிருந்து வரும் சூடு அதை உறையாமல் காக்கும். லாஃப்ட் மூடிக்கு ரப்பர் பட்டை, பைப் ஓட்டைகளுக்கு சீலன்ட். குளியலறை ஃபேன் நொடிக்கு 15 லிட்டர் இழுக்க வேண்டும். அதன் குழாய் உறையிட்டு, ஓட்டு வென்ட் வழியே கூரைக்கு வெளியே போக வேண்டும். சமையலறையில் அடுப்பு மேல் ஹூட் வெளியே தள்ளுவதாக இருந்தால் 30, வேறு இடத்து ஃபேன் என்றால் 60. வடிகட்டி மட்டும் வைத்துக் காற்றை உள்ளேயே சுற்றவிடும் ஹூட் ஈரத்தை எடுக்காது.

பணத்தைத் திரும்பக் கேட்பது

செப்டம்பர் 2020 முதல் மார்ச் 2021 வரை இங்கிலாந்தில் ஓடிய அரசு மானியமான கிரீன் ஹோம்ஸ் கிரான்ட்டில் பலர் இதை அடித்துக்கொண்டார்கள். அந்தத் திட்டத்தில் வேலை செய்தவர் அரசு ஒப்புதல் பெற்ற தரத் திட்டமான டிரஸ்ட்மார்க்கில் பதிந்திருக்க வேண்டும், எனவே புகாரை அங்கே தொடங்கலாம். மற்றவர்கள் முதலில் நிறுவனங்களின் அரசுப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸில் அந்த நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், பல கலைக்கப்பட்டுவிட்டன. கிரெடிட் கார்டில் ஒரு பகுதியாவது கட்டியிருந்து, வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை என்றால், 1974 கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமே கேட்கலாம். ஒப்பந்த மீறல் வழக்குக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு வருடம், ஸ்காட்லாந்தில் ஐந்து. பிய்ப்பதற்கு முன் எடுத்த படங்களும் சுதந்திர சர்வேயரின் அறிக்கையும்தான் இதற்கெல்லாம் சாட்சி. பிய்த்த பிறகு தேடினால் கிடைக்காது.

பிய்க்கும் ஆளிடம் கையெழுத்துப் போடும்போதும் இதே எச்சரிக்கை. வீட்டுக்கு வந்து போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். அந்த 14 நாளுக்குள் வேலையைத் தொடங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால், பிறகு ரத்து செய்தாலும் அதுவரை நடந்த வேலைக்குப் பணம் கட்ட வேண்டிவரும், அதனால் அவசரப்படுத்துவார்கள். ஃபோம் அகற்றியதற்கு அரசுச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது, அவர்கள் தரும் தாள் அவர்களுடையதே. கடன் நிறுவனம் கேட்பது ஒவ்வொரு பட்டைக்கும் முன்-பின் படங்கள், பில், கழிவு நோட், சர்வேயரின் மரநிலை அறிக்கை. இவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். விற்கும்போது, வீட்டைப் பற்றி விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்தோடு அந்தக் கோப்பைச் சொலிசிட்டரிடம் கொடுங்கள். ஃபோம் இருந்து எடுத்தோம் என்பதை மறைக்க வேண்டாம்; மரத்தில் ஒட்டியிருக்கும் துகள்களை வைத்தே வாங்குபவரின் சர்வேயர் கண்டுபிடித்துவிடுவார்.